திருடிய உத்தரம்

(பெரியபாளையத்தில் கூடிய நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது. மலருக்காகச் சற்றே ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.)



போன மாதம் விழாக் குழுவிலிருந்து போன் வந்தது. "பதினைந்து நிமிஷம் பேசணும் தம்பி. ஆனா தரக் கட்டுப்பாடு பத்தி மட்டும் வேண்டாம். போன தடவை ஒருத்தர் அதைப் பேசி, பாதிப் பேர் டிபனுக்கு எழுந்து போயிட்டாங்க" என்றார்கள். "சரிண்ணா, யூதர்களைப் பத்திப் பேசறேன்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பவானியம்மன் கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு யூதர்களைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களுக்கும் தோன்றலாம். அவர்கள் நமக்கு அவ்வளவு தூரத்து ஆட்கள் இல்லை. இங்கிருந்து செங்குன்றம் வழியாகப் பாரிமுனை போய் இறங்கி, மண்ணடிப் பக்கம் நடந்தால் பவளக்காரத் தெரு வரும். பதினேழாம் நூற்றாண்டில் பவளத்தைக் கொண்டுவந்து விற்று, வைரம் வாங்கிக்கொண்டு போன வியாபாரிகளின் தெரு. அவர்களில் போர்த்துகீசிய வழி வந்த யூதர்கள் முக்கியமானவர்கள். 1688-ல் சென்னை மாநகராட்சி ஏற்பட்டபோது அதன் ஆல்டர்மென்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். அந்தக் குடும்பங்கள் எப்போதோ போய்விட்டன. தெருப் பெயர் மட்டும் நிற்கிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது கொச்சிக் கதை. கம்பெனி வேலையாக அடிக்கடி கொச்சி போகிறவன் நான். ஒரு நாள் ரயிலுக்கு நேரம் இருந்ததால் மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்குப் போனேன். அங்கே 1568-ல் கட்டிய சினகாக் இருக்கிறது. யூதர்களின் தொழுகைக் கூடம். தரையில் பதித்திருக்கிற நீலமும் வெள்ளையுமான சீன ஓடுகள் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்தவை, கையால் வரைந்தவை. வருகிறவர்கள் ஓடுகளையும் மேலே தொங்குகிற கண்ணாடி விளக்குகளையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். ஊருக்குத் திரும்பிய பிறகுதான், அந்தக் கூடத்துக்கு வெளியே முன்கூடத்தில் யாரை உட்கார வைத்திருந்தார்கள் என்பதைப் படித்தேன். அதற்குப் பிறகு ஓடுகள் மனசில் நிற்கவில்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் அந்த மக்களின் இரண்டு விதிகளைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கதையின் உறுத்தல் புரியாது.

முதல் விதி, பிறரை எடைபோடுவது பற்றியது. யூதப் பெரியோர்களின் அறவுரைகளைத் தொகுத்த பழைய நூல்பகுதி ஒன்று உண்டு, பிர்கே ஆவோத் என்று பெயர். இயேசுநாதர் காலத்துக்கு நூறு வருஷத்துக்கும் முன்னால் வாழ்ந்த யெகோசுவா பென் பெரகியா என்கிற ஆசானின் பெயரில் ஒரு கருத்து அதில் இருக்கிறது. ஒருவரை எடைபோட நேர்ந்தால் தராசின் நல்ல தட்டுப் பக்கம் வைத்து எடைபோட வேண்டும் என்பது அதன் சாரம். தராசு நான் சேர்த்தது இல்லை, மூலத்திலேயே அந்த உவமைதான்.

இதற்குத் தல்மூத்தில் ஒரு கதை வருகிறது. கலிலேயாவின் மேட்டுப் பகுதியைச் சேர்ந்த ஒரு தொழிலாளி, தெற்கே ஒரு முதலாளியிடம் மூன்று வருஷம் வேலை செய்கிறான். யோம் கிப்பூர் என்கிற பெரிய நோன்புக்கு முந்தின நாள், கூலியைக் கொடுங்கள், ஊருக்குப் போகிறேன், பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்கிறார்கள் என்கிறான். பணம் இல்லை என்கிறார் முதலாளி. தானியமாகக் கொடுங்கள் என்றால் அதுவும் இல்லை. நிலம்? இல்லை. ஆடு மாடு? இல்லை. கடைசியில் தலையணை, போர்வையாவது கொடுங்கள் என்று கேட்கிறான். அதுவும் இல்லை. மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மனசு வெந்து வீட்டுக்குப் போகிறான். பண்டிகைகள் முடிந்ததும் முதலாளி கூலியை எடுத்துக்கொண்டு, மூன்று கழுதைகளில் சாப்பாடு, பானம், பலகாரம் ஏற்றிக்கொண்டு அவன் வீடு தேடி வருகிறார். சாப்பிட்டு முடித்துக் கூலியைக் கொடுத்த பிறகு கேட்கிறார்: நான் பணம் இல்லை என்றபோது என்னைப் பற்றி என்ன நினைத்தாய்? மலிவாகச் சரக்கு வந்திருக்கும், பணத்தை அதில் போட்டிருப்பீர்கள் என்று நினைத்தேன் என்கிறான். நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருப்பீர்கள், மாடுகளை வாடகைக்கு விட்டிருப்பீர்கள், தானியத்தில் கோயில் பங்கு இன்னும் எடுத்து வைத்திருக்க மாட்டீர்கள், தலையணையும் இல்லை என்றபோது சொத்து முழுவதையும் கடவுளுக்கு நேர்ந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். முதலாளி சத்தியம் செய்து சொல்கிறார்: அப்படியேதான் நடந்தது. படிக்க மாட்டேன் என்ற மகன்மேல் கோபத்தில் எல்லாவற்றையும் நேர்ந்துவிட்டேன், பெரியவர்கள் கூடி அந்த நேர்த்தியைக் கழித்த பிறகுதான் கையில் காசு வந்தது.

அழகான கதை. ஆனால் இதைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் கேட்டில் நின்று சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. மூன்று மாதச் சம்பளம் பாக்கி வைத்திருக்கிற கான்ட்ராக்டர் காதில் இது விழுந்தால், லேமினேஷன் செய்து ஆபீசில் மாட்டிவிடுவார்! அதனால் ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அதே யூத வேதத்தில், கூலிக்காரனின் கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது கட்டளை. நம் நாட்டில் 1936-லேயே ஊதியம் வழங்கும் சட்டம் வந்து, ஆயிரம் பேருக்குக் குறைவான தொழிற்சாலையில் மாதம் முடிந்து ஏழு நாள் கழிவதற்குள் சம்பளம் தர வேண்டும் என்று சொன்னது. அவர்கள் ஒரே நாள் கெடுதான் கொடுத்தார்கள். நல்லபடியாக நினைப்பது தொழிலாளியின் பெருந்தன்மை. அது முதலாளியின் சலுகை ஆகாது. கதையிலும் பாருங்க, கழுதையை ஓட்டிக்கொண்டு வீடு தேடி வந்தவர் யார்? கொடுக்க வேண்டியவர்தான் வந்தார்.

இன்னொரு சந்தேகமும் எஞ்சினியருக்கு வரும். எல்லாரையும் நல்லவர் என்று வைத்துக்கொண்டால் இன்ஸ்பெக்ஷன் எதற்கு? இதையும் யோசித்திருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் மருத்துவராகவும் சட்ட அறிஞராகவும் இருந்த மைமோனிடஸ், ஆளைப் பொறுத்துப் பிரிக்கிறார். நல்லவர் என்று பெயரெடுத்தவர் செய்தது தப்பாகத் தெரிந்தாலும் நல்லதாகவே எடுத்துக்கொள். கெட்டவன் என்று தெரிந்தவன் நல்லது செய்வதுபோல் தெரிந்தாலும் ஜாக்கிரதையாக இரு. எப்படிப்பட்டவர் என்று தெரியாதவர், செயலும் இரண்டு விதமாகவும் பார்க்கத் தக்கது என்றால், நல்ல பக்கம் சாய். இந்த மூன்றாவது வகையில்தான் நம் அண்டை வீட்டாரும் சக ஊழியர்களும் வருகிறார்கள். நம் திருக்குறளிலும் ஆளைச் சோதித்துத் தேர்ந்தெடுப்பதற்கு என்றே 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. வேலைக்கு ஆள் எடுக்கும்போது சோதிக்க வேண்டியதுதான். காரணம் தெரியாத ஒரு செயலுக்கு நாமே காரணம் கற்பிக்கிறோமே, அங்கேதான் இந்த விதிக்கு வேலை.

இரண்டாவது விதி, தப்பு செய்தவன் திரும்பி வருவது பற்றியது. எபிரேயத்தில் தெஷுவா என்பார்கள். 'திரும்புதல்' என்று நேர் அர்த்தம். நம் கிறிஸ்தவ நண்பர்கள் மனந்திரும்புதல் என்று சொல்கிறார்களே, அந்தத் தமிழ்ச் சொல்லுக்குள்ளும் அதே திரும்புதல் இருக்கிறது. மைமோனிடஸ் இதை ஏறக்குறைய வேலை முறைபோல எழுதி வைத்திருக்கிறார். தப்பை நிறுத்த வேண்டும், வருந்த வேண்டும், இனி செய்வதில்லை என்று தீர்மானிக்க வேண்டும், செய்ததை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். முழுமையாகத் திரும்பிவிட்டான் என்பதற்கு அவர் வைக்கிற பரீட்சையை நம்ம ஆட்கள் உடனே புரிந்துகொள்வார்கள்: அதே சந்தர்ப்பம் மறுபடி வந்து, செய்யக்கூடிய நிலையிலும் இருந்து, பயத்தாலோ இயலாமையாலோ இல்லாமல் அவனாகவே விட்டுவிட வேண்டும். அதே லோடில் மறுபடி ஓட்டிப் பார்த்தால்தானே ரிப்பேர் சரி என்று கையெழுத்துப் போடுவோம்?

என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது அடுத்த பகுதி. கடவுளுக்கு எதிராகச் செய்ததற்குத்தான் யோம் கிப்பூர் நோன்பு. மனுஷனுக்கு மனுஷன் செய்த தப்புக்கு அந்த நோன்பு செல்லாது. அடி வாங்கியவனிடமே போக வேண்டும். கடன் இருந்தால் திருப்பிக் கொடுத்த பிறகும் மன்னிப்பைத் தனியாகக் கேட்க வேண்டும். அவன் மன்னிக்காவிட்டால் மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்க வேண்டும். மறுபடியும் இல்லையா? மறுபடியும். மூன்று தடவை அப்படிப் போயும் இறங்கி வராவிட்டால் பாரம் மன்னிக்காதவன் தலைக்கு மாறிவிடும். தப்பு செய்யப்பட்டவர் ஆசிரியராக இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு இல்லை, ஆயிரம் தடவையானாலும் போக வேண்டும். (மேடையில் இருக்கிற பேராசிரியர்கள் சிரிக்கிறார்கள்.) அவர் செத்தே போயிருந்தால்? பத்துப் பேரை அழைத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், இவருக்கு நான் இன்ன தப்பு செய்தேன் என்று அவர்கள் எதிரில் சொல்ல வேண்டும்.

நாம் பெரும்பாலும் பரிகாரத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். பங்காளியின் வரப்பை அரையடி தள்ளிப் போட்டுவிட்டு, மனசு உறுத்தினால் கோயிலுக்கு மணி வாங்கித் தருகிறோம். மணி நல்லாத்தான் அடிக்கிறது, வரப்பு போன இடத்திலேயே இருக்கிறது. நம்மிடம் வேறு முன்மாதிரி இல்லாமலும் இல்லை. நீங்கள் இங்கே வருகிற வழியில் புழலில் பழைய ஆதிநாதர் கோயில் இருக்கிறதே, அந்தச் சமணர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் உறவு, நட்பு எல்லாரிடமும் 'மிச்சாமி துக்கடம்' சொல்லி நேரிலேயே மன்னிப்புக் கேட்கிறார்கள். சௌகார்பேட்டையில் கடை வைத்திருக்கிறவர்களோடு பழகியவர்களுக்குத் தெரியும். நம் பவானியம்மன் கோயிலில் ஆடி மாதம் பாருங்கள். வேப்பிலையையே ஆடையாக உடுத்திக்கொண்டு பெண்களும் பிள்ளைகளும் கோயிலைச் சுற்றி வருகிறார்கள். எதுக்கும்மா இந்த வேண்டுதல் என்று யாராவது யாரையாவது கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கேட்க மாட்டார்கள். யூதச் சட்டத்திலும் ஏறக்குறைய இதே நாகரிகம் எழுத்தில் இருக்கிறது: திரும்பி வந்தவனிடம் அவன் பழைய செய்கையைச் சொல்லிக்காட்டக் கூடாது. வார்த்தையால் செய்கிற மோசடி என்று அதை வகைப்படுத்தியிருக்கிறார்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். சிவில் படித்தவர்கள் கவனிக்க. ஒருவன் ஒரு மரத்தைத் திருடி உத்தரமாகப் போட்டு வீடு கட்டிவிட்டான். பிறகு மனசு மாறித் திருப்பிக் கொடுக்க நினைக்கிறான். என்ன செய்வது? திருடிய பொருளை அப்படியே கொடு என்பதுதான் பொதுச் சட்டம். ஷம்மாய் என்ற ஆசானின் பள்ளி, வீட்டை இடித்து உத்தரத்தை எடுத்துக் கொடு என்றது. ஹில்லேல் என்ற ஆசானின் பள்ளி, மரத்தின் விலையைக் கொடுத்தால் போதும் என்றது. காரணம்தான் முக்கியம். வீட்டை இடித்துத்தான் திரும்ப வேண்டும் என்றால் எவனும் திரும்ப மாட்டான். மரத்துக்குச் சொந்தக்காரனுக்கும் எதுவும் கிடைக்காது. திரும்பி வருகிறவனுக்காகவே ஒரு வழியைத் திறந்து வைத்தார்கள். இதற்கு ஒரு சட்டப் பெயரே இருக்கிறது, தக்கனத் ஹஷவீம் என்று.

இது வெறும் வேதாந்தம் இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். ஷாஃப்ட் மிஷினிங். ஒரு லாட் முழுக்க கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்துவிட்டது, விட்டம் கூடுதல். மேலாளர் வந்து யார் இதைச் செய்தது என்று கத்தினார். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அன்று சாயங்காலம், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த ஒரு சூப்பர்வைசர் ஒவ்வொரு மிஷினாகப் போய், "யாருன்னு கேக்கலப்பா, எப்பலேர்ந்துன்னு மட்டும் தெரிஞ்சாப் போதும். மீதியாவது காப்பாத்தலாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ஆபரேட்டர் பையன் வந்தான். திங்கட்கிழமை நைட் ஷிஃப்டில் ஸ்நாப் கேஜ் கீழே விழுந்தது, பார்க்க நன்றாகத்தான் இருந்தது, திரும்ப வைத்துவிட்டேன் என்றான். விழுந்ததில் கேஜின் வாய் விரிந்திருக்கிறது. திங்கள் இரவுக்குப் பிந்தைய சரக்கை மட்டும் பிரித்தெடுத்தார்கள், அதற்கு முந்தையது பிழைத்தது. ஆறேழு மாதம் கழித்து வேறொரு கேஜ் விழுந்தபோது, தரையிலிருந்து எடுத்த கையோடு அதே பையன் ஸ்டாண்டர்ட்ஸ் ரூமுக்கு ஓடினான். மைமோனிடஸின் பரீட்சையில் அவன் பாஸ். அவனை ஓட வைத்தது அந்த சூப்பர்வைசர். யார் என்று அவர் கேட்காததுதான் அவனுக்குத் திறந்த வழி. விமானத் துறையில் இதையே ஏற்பாடாக வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தங்கள் தவறைத் தாங்களே ரகசியமாக எழுதிக் கொடுக்க நாசா ஓர் அமைப்பை நடத்துகிறது. இரண்டு விதிகளும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள் என்று எனக்குத் தோன்றியது இங்கேதான். முன்கூட்டியே குற்றவாளி என்று முத்திரை குத்தப்பட்டவன் எதற்காக வந்து ஒப்புக்கொள்ளப் போகிறான்?

சரி, இவ்வளவு நல்ல சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? கொச்சிக்கு வாருங்கள்.

மலையாளக் கரையில் யூதர்கள் ஆயிரம் வருஷத்துக்கும் குறையாமல் வாழ்ந்தவர்கள். கொடுங்கல்லூர்ப் பக்கம் தொடங்கி, கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளா என்று பரவியிருந்தார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கமிருந்து துரத்தப்பட்டவர்களும், மேற்கு ஆசியாவிலிருந்து வந்தவர்களும் மட்டாஞ்சேரியில் தங்களுக்கென்று ஒரு கூடம் கட்டினார்கள். வெளியூர்க்காரர்கள் கட்டியது, அதனால் பரதேசி சினகாக். கொச்சி ராஜா தன் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்தார். ஊர் ஊராக விரட்டப்பட்டவர்களுக்குக் கிடைத்த இடம் அது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் வீடுகளில் அடிமைகளாக இருந்து, யூத மதத்துக்கு வந்து, விடுதலை பெற்றவர்களும் அவர்கள் பிள்ளை குட்டிகளும் ஒரு தனிப் பிரிவு. 'மெஷுக்ராரிம்' என்று பெயர், விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். விடுதலை பேரில்தான் இருந்தது. கூடத்துக்குள் பெஞ்சில் உட்காரக் கூடாது. முன்கூடத்தில் தரையிலோ படியிலோதான். வேதச் சுருளை வாசிக்க மற்றவர்களை அழைப்பதுபோல் அழைக்க மாட்டார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது கிடையாது. இடுகாட்டிலும் பிரிவினை.

சட்டம் தெரியாமல் செய்தார்களா என்றால் அதுவும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டிலேயே இப்படிப்பட்ட கேள்வி கொச்சியிலிருந்து கெய்ரோவுக்கு, டேவிட் இப்னு சிம்ரா என்ற பெரிய சட்ட அறிஞருக்குப் போயிருக்கிறது. முறைப்படி மதத்துக்கு வந்து விடுதலையும் பெற்றுவிட்டால் அவர்கள் முழு யூதர்கள், மண உறவுக்கும் தடையில்லை என்பது அவர் தீர்ப்பின் சாரம். கடல் கடந்து தீர்ப்பு வந்தது. பழக்கம் மாறவில்லை. நம் ஊர் சாதி முறையைச் சுற்றிலும் பார்த்துப் பார்த்து இது ஊறிப்போனது என்று ஆராய்ச்சியாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதைப் படிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது. நாம் ஏற்றுமதி செய்த சரக்கு.

இந்தப் பிரிவில் 1882-ல் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சேலம். (நம் மாம்பழச் சேலத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.) எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் படித்து, நம் சென்னைக்கு வந்து சட்டம் முடித்து, எர்ணாகுளத்தில் வக்கீலாக இருந்தார். 1929-ல் லாகூர் காங்கிரசுக்குப் போய் வந்தவர். தொழிற்சங்கங்களுக்குத் துணை நின்றவர். கொச்சி சமஸ்தானத்தின் சட்டசபையில் 1925 முதல் 1931 வரையிலும், மறுபடி 1939 முதல் 1945 வரையிலும் உறுப்பினர். ஊருக்கெல்லாம் சட்டம் செய்கிற சபையில் அவருக்கு நாற்காலி உண்டு. சொந்தச் சினகாக்கில் பெஞ்சில் இடமில்லை.

என்ன செய்தார்? கொஞ்ச காலம் போகாமல் இருந்து பார்த்தார். பிறகு காந்தியின் வழியைக் கையில் எடுத்துச் சினகாக்குக்கு உள்ளேயே சத்தியாக்கிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று இன்றும் அவரைச் சொல்கிறார்கள். வேறு கூடத்துக்குப் போயிருக்கலாம், மதத்தையே உதறியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. தன்னை வெளியே உட்கார வைத்தவர்களோடு சேர்ந்து தொழுவதற்காகத்தான் போராடினார். அவர்களைத் தராசின் எந்தத் தட்டில் வைத்தார் என்று யோசித்துப் பாருங்கள். இவர்கள் மாற மாட்டார்கள் என்று நினைக்கிறவன் வாசலில் உட்கார்ந்திருக்க மாட்டான், எழுந்து போய்விடுவான். இது என் ஊகம்தான், அவர் இப்படிச் சொன்னதாகச் சொல்லவில்லை. வீட்டை இடித்து உத்தரத்தை எடு என்றும் அவர் கேட்கவில்லை. பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார், அவ்வளவுதான்.

1930-களில் பழைய தடைகள் தளர ஆரம்பித்தன. அதே காலத்தில் வெளியே என்ன நடந்தது என்பது நமக்குத் தெரியும். 1924-ல் வைக்கம், 1936-ல் திருவிதாங்கூர் ஆலயப் பிரவேசப் பிரகடனம், 1939-ல் மதுரை மீனாட்சியம்மன் கோயில். ஒரே காற்றுதான். ஆனால் பந்தி, பெஞ்சு இதெல்லாம் மாறுவது ஒன்று, சம்பந்தம் வேறு. 1950-ல்தான் சேலத்தின் மகனுக்கும் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணுக்கும் கல்யாணம் நடந்தது. அந்தக் கோட்டைத் தாண்டிய முதல் கல்யாணம் அது, முணுமுணுப்பும் இல்லாமல் இல்லை.

நான் கவலையோடு கவனித்தது அதற்கு அடுத்த தேதிகளை. 1953-ல் சேலம் இஸ்ரேல் போய்க் கொச்சி யூதர்களின் குடியேற்றத்துக்காகப் பேசுகிறார். 1954, 55-ல் மலபார் யூதர்கள் ஏறக்குறைய எல்லாரும் போய்விட்டார்கள். அடுத்தடுத்த வருஷங்களில் பரதேசிகளும் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டார்கள். 1968-ல் சினகாக்கின் நானூறாவது ஆண்டு விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தி வந்தார், தபால் தலையும் வெளியிட்டார்கள். அதைப் பார்க்க சேலம் இல்லை, 1967-ல் கொச்சியிலேயே காலமாகிவிட்டார். இன்று பெஞ்சுகள் எல்லாம் காலி. யார் வேண்டுமானாலும் உட்காரலாம், உட்காரத்தான் ஆள் இல்லை. கெய்ரோவிலிருந்து தீர்ப்பு வந்த நாளிலிருந்து கணக்குப் போட்டால், சரி செய்வதற்கு அவர்களுக்கு நானூறு வருஷம் இருந்தது. சேர்ந்து உட்கார்ந்ததோ ஒரு தலைமுறைதான்.

எனக்குக் கொடுத்த பதினைந்து நிமிஷம் தாண்டிவிட்டது, பந்தியில் இலை போட்டாயிற்று என்று சைகை வருகிறது. ஒரே ஒரு விஷயம்.

நம் ஹாஸ்டலில், எனக்கு மூன்று வருஷம் மூத்த பேட்சில் ஒரு அண்ணன் மெஸ் செயலாளராக இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், தெரிந்தவர்களுக்குத் தெரியும். வருஷக் கடைசியில் கணக்கில் 11,000 ரூபாய் இடித்தது. விசாரணை என்று எதுவும் நடக்கவில்லை. யாரும் எதுவும் கேட்கவும் இல்லை, அதுதான் மோசம். ஃபேர்வெல் போட்டோவில் அவர் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. நான் மெஸ் கமிட்டியில் இருந்த வருஷம் பழைய அலமாரியை ஒழித்தபோது, மளிகைக் கடைக்குக் கொடுத்த முன்பணத்தின் ரசீது வேறொரு ஃபைலில் கிடைத்தது. சரியாக 11,000. வார்டன் சாரிடம் காட்டி நோட்டீஸ் போர்டில் போட்டோம், அந்த பேட்ச் அண்ணன்கள் சிலருக்கும் சொன்னோம். அவருக்கு முகவரி தேடிக் கடிதம் எழுதினேன். பதில் வந்தது. தகவலுக்கு நன்றி தம்பி என்று எழுதி, எங்க பேட்ச்சுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டிருந்தார். தெரியும் என்று எழுதினேன். அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதம் இல்லை. எந்த ஆண்டு சந்திப்புக்கும் அவர் வந்ததில்லை.

அந்த பேட்ச் அண்ணன்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். இத்தனை வருஷம் போகாததற்கு உங்களையும் நல்ல தட்டில்தான் வைக்கிறேன். மறந்திருக்க மாட்டீர்கள். எந்த முகத்தோடு போவது என்ற கூச்சமாக இருக்கும், இத்தனை நாள் கழித்துக் கிளற வேண்டாமே என்ற நல்லெண்ணமாகக்கூட இருக்கும். வீட்டை இடிக்கச் சொல்லவில்லை. மூன்று பேர் போதும் என்கிறது அந்தப் பழைய சட்டம்.

அண்ணன் இப்போது ஊத்துக்கோட்டையில் பம்ப் செட் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஞாயிற்றுக்கிழமையும் மதியம் வரை கடை திறந்திருக்கும்.